ஹெரால்டுக்காரர்

புனேயில் வண்டியைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் யாரும் கிடையாது. பிம்ப்ரியில் டாடா, ஆகுர்டியில் பஜாஜ், சாக்கணில் மெர்சிடிஸும் ஃபோக்ஸ்வேகனும், கோத்ரூட் பக்கத்துக் குன்றில் வண்டிகளைச் சோதித்துச் சான்று தருகிற ஏ.ஆர்.ஏ.ஐ. என்று ஊரைச் சுற்றிலும் நட்டும் போல்ட்டும்தான். பால்காரர்கூட நம் வண்டி கிளம்பும் சத்தத்தைக் கேட்டு, "சைலன்ஸர்ல லீக் இருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பாக்கெட்டை வைப்பார். இந்த ஊரில் கூரை இல்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்துக் காப்பாற்றத் தனித் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் கொண்ட தமிழர் வகை ஒன்று இங்கே உண்டு. நான் பார்த்தவரையில் அவர்கள் எல்லோரும் ஒரே அச்சு. ஒருவரை வர்ணித்தால் மற்றவர்கள், "என்னைப் பற்றி எழுதிவிட்டாயா?" என்று சண்டைக்கு வருவார்கள்.

எண்பதுகளில் கோவையிலோ கிண்டியிலோ பொறியியல் முடித்து, பிம்ப்ரி டாடா இன்னும் டெல்கோவாகவே இருந்த காலத்தில் ரயிலேறி வந்தவர். நிகடி பிராதிகரணில் வீடு. முப்பது வருஷம் லாரிகளோடு வாழ்ந்தவர். லாரியில் அழகு என்று எதைச் செய்தாலும் அதை லாரி வாங்கியவர்தான் செய்வார். தொழிற்சாலையில் இருப்பவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அடக்கி வைத்த அந்த ஆசையெல்லாம் ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டாக வாசலில் வந்து நிற்கும்.

ஏன் ஹெரால்டு என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் காபி ஆறும். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தது, வரைந்தவர் ஜோவான்னி மிக்கேலோட்டி என்ற இத்தாலியர், 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரானது, அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் நடுவே அது ஒன்றுதான் உடுத்தத் தெரிந்த கார் என்று ஆரம்பிப்பார். அந்தக் காலத்தில் டிரையம்ஃப் கம்பெனிக்கு முழு பாடியை அச்சடித்துத் தர வேண்டிய கம்பெனி போட்டியாளர் கைக்குப் போய்விட்டதாம். அதனால் தனிச் சேசிஸ் போட்டு, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கினார்கள். கூரையும் போல்ட்தான். கழற்றினால் வந்துவிடும். அதே சேசிஸைக் குறுக்கி 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் செய்தார்கள். "அப்போ இது ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன் முறை ஆகணும்" என்று முடிப்பார். கூரையைக் கழற்றிய ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் கார்தான் என்பதற்கு அவரிடம் உள்ள ஒரே சாட்சியம் இந்த உறவுமுறை. தம்பி ஓடுகிறான் என்பதற்காக அண்ணனை ஓட்டப் பந்தயத்தில் சேர்ப்பார்களா என்று நான் கேட்டதில்லை. காபி இன்னொரு முறை ஆறும்.

கூரையைக் கழற்றியது அவர் அல்ல. அவருக்கு முன் யாரோ, எழுபதுகளில். கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகன் திறந்த காரில் வந்ததைப் பார்த்த யாரோ. அதற்குப் பின் ஒவ்வொரு சொந்தக்காரரும் உள்ளே தன் காலத்தின் நாகரிகத்தை ஒரு படலம் பூசிவிட்டுப் போயிருக்கிறார். சீட்டைப் பிரித்தால் கீழடிதான். மேலே தொண்ணூறுகளின் ஊதா வெல்வெட், அதற்குக் கீழே எண்பதுகளின் சிவப்பு ரெக்ஸின், அதுவும் மாருதி 800இலிருந்து கழற்றி மாட்டிய முன்சீட்டின் மேல். பின்சீட்டில் மட்டும் பொடிப்பொடியாக உதிரும் பழைய தேங்காய் நார். ஸ்பிரிங்குகளுக்கு இடையில் ஒரு பத்துப் பைசா, இரண்டு கொண்டை ஊசி, அலங்கார் தியேட்டர் டிக்கெட் பாதி. புனே ஸ்டேஷன் அருகே இருந்த அலங்காரா, சென்னை மவுண்ட் ரோடு அலங்காரா என்று அவர் ஒரு வாரம் விசாரணை நடத்தினார். கொண்டை ஊசிகள் யாருடையவை என்று விசாரிக்கலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னதற்கு, அவர் மனைவி சமையலறையிலிருந்து, "அதையும் விசாரிங்க" என்றார்.

காரை ஏன் உள்ளே மட்டும் புதுப்பிக்கிறார்? வெளியே கை வைத்தால் சர்க்கார் பிடிக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பைத் தயாரிப்பாளர் வகுத்ததிலிருந்து மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. சரி, வயதாகிவிட்டதே, 'விண்டேஜ்' என்று பதியலாமே என்றால், 2021இல் வந்த விதி அதற்கும் குறுக்கே நிற்கிறது. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், தாண்டிவிட்டது. புதுப் பதிவுக்கு இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும், கட்டிவிடுவார். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. வயதால் தகுதி பெற்று நடத்தையால் தகுதி இழந்த வண்டி அது. சீட் துணியின் நிறத்தைப் பற்றி மட்டும் எந்த ஆர்.டி.ஓ.வும் கவலைப்படுவதில்லை. ஆகவே பாரத தேசத்தில் ஒரு குடிமகனுக்கு மிச்சமிருக்கும் முழுச் சுதந்திரம் அந்தச் சீட் துணியில்தான் என்று அவர் கண்டுகொண்டார்.

அப்படியும் இதை உள்வேலை என்று சொல்ல முடியாது. இது டேஷ்போர்டு விஷயத்தில்தான் வெளியே வந்தது. பவானி பேட்டை மரச்சந்தையில் அலைந்து தேக்கு வெனீர் வாங்கி, டேஷ்போர்டை அளவெடுத்து ஒட்டி, பாலிஷ்காரரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் டப்பாவைத் திறக்கும் முன் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார்.

"சாஹேப், உள்ளேயா வெளியேயா? உள்ளேன்னா மெலமைன், வெளியேன்னா பி.யூ."

நம்மவர் வாயைத் திறந்து மூடினார். காரின் உள்ளே இருப்பது டேஷ்போர்டு. ஆனால் அதன்மேல் வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது, காக்கை எச்சமிடுகிறது. இரணியன் வாங்கிய வரத்தில் இந்த ஒரு ஷரத்தை மட்டும் அப்படியே பெற்று வந்த கார் இது: உள்ளும் இல்லை, வெளியும் இல்லை. பாலிஷ்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ வாசற்படிக்குப் போடறதைப் போட்டுடறேன்" என்று வேலையை ஆரம்பித்தார்.

கூரை உள்ள காரில் சீட் கிழிந்தால் அது குடும்ப ரகசியம். திறந்த காரில் அது ஊர்ச் செய்தி. சிக்னலில் நின்றால் பக்கத்தில் வந்து நிற்கும் மாநகரப் பஸ்ஸின் ஜன்னலோர சீட்டிலிருந்து ஒரு வரிசைக் கண்கள் கீழே பார்க்கும். ஆட்டோக்காரர் தலையை நீட்டி கியர் குமிழைப் பார்ப்பார். இதனால் ஹெரால்டுக்காரர் காரின் உள்ளலங்காரத்தை ஓட்டுகிறவரின் இடத்திலிருந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். மூன்றாம் மாடி பால்கனியில் நின்று பார்ப்பார். அது 'பஸ் கோணம்'. காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். அது 'ஸ்கூட்டி கோணம்'. கார்ப்பெட் வாங்கும்போதுகூட துணியைத் தரையில் போட்டு, கடைக்காரரின் ஏணியில் ஏறி நின்று பார்த்தவர் அவர். ஸ்பீடாமீட்டர் முள் நடுங்குகிறதே என்றால், "அது வெளியே தெரியாது" என்பார்.

நானா பேட்டையில் அவருடைய குஷன்வாலா இருக்கிறார். கணுக்கால் உயரத்துக்கு ஃபோம் துண்டுகள் குவிந்த சிறிய கடை. அவர்கள் இருவருக்கும் நடுவில் ஓடும் சம்பாஷணை எப்போதும் ஒன்றுதான்.

"போன வருஷம்தானே போட்டேன் சாஹேப்? தையல் விட்டுடுச்சா?"

"இல்லை பாவ், நிறம் பழசாப் போச்சு."

"பழசு மாதிரி தெரியணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பழசு மாதிரி புதுசா இருக்கணும்னு சொன்னேன். இது புதுசு மாதிரி பழசா இருக்கு."

குஷன்வாலா ஒரு பீடி பற்றவைத்துக்கொள்வார். அவருக்கு இந்தத் தத்துவம் புரிவதில்லை, ஆனால் முன்பணம் புரிகிறது.

நியாயமாகச் சொன்னால், பொருள் விஷயத்தில் ஹெரால்டுக்காரர் ஏமாறுகிறவர் அல்ல. சாதாரண ரெக்ஸின் வெயிலில் வெடிப்பது ஏன் என்று கேளுங்கள். அதை வளைய வைப்பதற்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடுகிறது, மிஞ்சுவது அப்பளம் என்பார். அதனால் படகுகளுக்குப் போடும், வெயிலையும் பூஞ்சையையும் தாங்கும் ரெக்ஸின்தான் வேண்டும். கடலே இல்லாத புனேயில் படகுத் துணி கேட்டு அலைந்தவர் என்று பேட்டைகளில் அவருக்குப் பெயர். சீட்டுக்குள் சாதாரண ஃபோம் வைத்தால் மழைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தீபாவளிவரை ஈரமாக இருக்கும். தண்ணீர் ஏறாத மூடிய கண் ஃபோம் வேண்டும். பருத்தி நூல் இற்றுப்போகும்; பாலியெஸ்டர் நூல் வேண்டும். கார்ப்பெட்டுக்கு அடியில் சணல் ஃபெல்ட் போட்டால் தரைத் தகடு துருப்பிடித்து ஒரு நாள் கால் ரோட்டில் இருக்கும். எல்லாம் சரி. ஜூன் முதல் செப்டம்பர்வரை பெய்யும் மழைக்காக, காரின் தரையில் துளை போட்டு ரப்பர் அடைப்பான் வைத்திருக்கிறார். மழை நின்றதும் அடைப்பானைப் பிடுங்கி, காருக்குள்ளிருந்து தண்ணீர் போவதைப் பெருமையோடு காட்டுவார். வீட்டுக் குளியலறை வடிகால் அடைத்துக்கொண்டு மாசக்கணக்காகிறது.

இந்த இடத்தில் அவர் மனைவியின் பேச்சைக் கேட்க வேண்டும். கோவைக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார்.

"ஏனுங்க, வீட்டு சோபாவுல ஸ்பிரிங் வெளிய வந்து எட்டிப் பாக்குதுங்க. அதுக்கு ஒரு கவர் போடக் கூடாதுங்களா?"

"அதை யாரு பாக்கறாங்க?"

"பாக்கறது இல்லீங்க. உக்காந்தா தெரியுதுங்க."

அவர் பதில் சொல்லவில்லை. சோபா ஹாலில் இருக்கிறது, ஹாலுக்குக் கூரை இருக்கிறது, அந்த வழியாகப் பஸ் போவதில்லை.

அந்தக் காரில் சவாரி கிடைப்பதை யாரும் சலுகையாக நினைக்க வேண்டாம். ஏறும் முன் செருப்பைத் தட்ட வேண்டும். பின்பாக்கெட்டில் சாவி இருந்தால் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், ரெக்ஸின் கீறும். கயானி பேக்கரியில் அரைமணி வரிசையில் நின்று ஷ்ரூஸ்பரி பிஸ்கெட் வாங்கினோம். டப்பாவை வீடுவரை திறக்க விடவில்லை. மயிர்க்கால் வரை காற்று நிறைந்து, வாசனை மூக்கைத் துளைத்து, ஒரு துண்டு கிடையாது. வைஷாலி ஓட்டல் வாசலில் நிறுத்தியபோது அவர் டேஷ்போர்டில் ஒரு சிறு பலகையைச் சாய்த்து வைத்தார். புனேக்காரர்களின் பலகை எழுத்து உலகப் பிரசித்தம். இத்தனை வருஷத்தில் இவருக்கும் அந்தக் கை வந்துவிட்டது. மராத்தியில் எழுதியிருந்ததன் சாரம்: "தொட்டுப் பார்க்கலாம். துணி சீட்டுக்கு அடியில் உள்ளது. தொட்ட இடத்தைத் துடைத்துவிட்டு மடித்து வைக்கவும்." நாங்கள் தோசை தின்றுவிட்டு வந்தபோது யாரோ தொட்டிருந்தார்கள், துடைத்தும் இருந்தார்கள். துணி மடிக்கப்படவில்லை. அவருக்கு அன்று முழுவதும் அது போதுமானதாக இருந்தது.

போன மாதம் அரக்கு நிறத்தில் புதிதாகச் சீட் தைத்து, வெள்ளைப் பைப்பிங் கொடுத்து, முதல் ஊர்வலம் கிளம்பினார். பின்சீட்டில் நான், சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு. குட்லக் சௌக் சிக்னலில் சிவப்பு. பக்கத்தில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. புனேப் பெண்கள் வழக்கப்படி தலை முதல் கழுத்துவரை துப்பட்டாவைச் சுற்றிக் கண் மட்டும் தெரிய ஒரு பெண். மற்றவர்கள் பொதுவாக, "எந்த வருஷத்து வண்டி?", "என்ன மைலேஜ்?" என்றுதான் கேட்பார்கள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தாள். ஹெரால்டுக்காரர் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்து, பார்வைக்கு மறைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"காகா," என்றாள். "இடது சீட்டுல பைப்பிங் நேரா வரலை. நடுவுல அரை இஞ்ச் விலகி இருக்கு."

பச்சை விழுந்ததும் அவள் போய்விட்டாள். பின்னாலிருந்து நாலு ஹாரன் கேட்ட பிறகுதான் நம் வண்டி நகர்ந்தது. வீட்டுக்குப் போகும் வழி அது இல்லையே என்று நான் சொன்னது காற்றில் போயிற்று. நானா பேட்டையை அடைந்தபோது மணி ஒன்றேகால். குஷன்வாலாவின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளேயிருந்து வந்த குரலில் பாதித் தூக்கம்.

"நாலு மணிக்கு வாங்க சாஹேப்."

"வெயிட் பண்றேன்" என்று சொல்லிவிட்டு ஹெரால்டுக்காரர் எஞ்சினை அணைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க கொஞ்சம் முன்னாடி வந்து இடது சீட்டுல உக்காருங்களேன். தெருவுல போறவங்களுக்குத் தெரியாம இருக்கும்" என்றார்.