வாலும் வயிறும்: கேள்வி-பதில்

எங்கள் லாப்ரடாருக்கு அடிக்கடி பேதி. மூன்று மாதத்தில் நான்கு பிராண்ட் மாற்றிவிட்டோம். அடுத்து எதை வாங்கலாம்?
(மதுரை வாசகர்)

அடுத்து எதையும் வாங்காதீர்கள். பேதிக்கு நீங்கள் மாற்றிக்கொண்டே இருப்பதுகூடக் காரணமாக இருக்கலாம். நாயின் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் பழகிய சாப்பாட்டுக்குத் தக்கபடி அமைந்தவை. திடீரென்று மாற்றினால் திண்டாடிப்போகும். புது உணவுக்கு 7 முதல் 10 நாள் அவகாசம் கொடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பழையது முக்கால், புதியது கால். பிறகு பாதிக்குப் பாதி. பிறகு பழையது கால், புதியது முக்கால். அதற்கப்புறம் முழுக்கப் புதியது. நடுவில் இளகிப் போனால் ஒரு படி பின்வாங்குங்கள். நான்கு பிராண்டில் ஒன்றையாவது நிலைக்க விட்டிருந்தால்தானே அது நல்லதா கெட்டதா என்று தெரியும்?

பையில் ‘சென்சிட்டிவ் ஸ்டமக்’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?
(கோவை வாசகி)

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் விவரம். பையைத் திருப்புங்கள். உங்கள் நாயின் வயதுக்கு ‘முழுமையான, சரிவிகித உணவு’ என்று அமெரிக்காவின் ஆஃப்கோ அல்லது ஐரோப்பாவின் ஃபெடியாஃப் தரத்தைச் சொல்லியிருக்கிறதா? வெறுமனே ‘இறைச்சி’ என்று மழுப்பாமல் கோழி, ஆடு, மீன் என்று பெயர் போட்டிருக்கிறதா? கொழுப்பு எத்தனை சதவீதம்? கொழுப்பு கூடினால் பல நாய்களுக்கு வயிறு புரளும். பட்டியலில் முதலிடம் கோழிக்கு என்றதும் மகிழ்ந்துவிடாதீர்கள். வரிசை எடைப்படி, பச்சைக் கோழியின் எடையில் சுமார் 70 சதவீதம் தண்ணீர்.

நாய் ஓநாய் வம்சம், அதற்குச் சோறு போடுவதே தப்பு என்கிறான் என் மகன்.
(நாகர்கோவில் வாசகர்)

வம்சம் சரிதான். ஆனால் பங்காளி பிரிந்து பல ஆயிரம் வருடமாகிறது. 2013-ல் ‘நேச்சர்’ இதழில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள்: மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் மரபணு ஓநாயிடம் 2 பிரதிதான், நாயிடம் 4 முதல் 30 வரை. மனிதனோடு உட்கார்ந்து தின்று பழகிய வயிறு அது. ‘தானியமில்லாத உணவு’ என்று விலை கூட்டி விற்பதை வாங்கும் முன் இன்னொன்று: அப்படிப்பட்ட உணவுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-ல் விசாரணையே தொடங்கியது. உண்டு என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் காரணமில்லாமல் அரிசியைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. மகன் ஒப்புக்கொள்ளாவிட்டால், வேட்டையாடி வரும் பொறுப்பை அவனிடமே விட்டுவிடுங்கள்.

வயிறு சரியில்லாத நாய்க்கு ரசம் சாதம் கொடுக்கலாமா?
(தஞ்சாவூர் வாசகி)

கூடாது. ரசத்தில் தட்டிப் போடுகிற பூண்டு நமக்கு மருந்து, நாய்க்கு வில்லங்கம். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும், பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. பதிலாக, தோலும் எலும்பும் நீக்கிய கோழியை வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். கோழி ஒரு பங்கு, குழைந்த சோறு இரண்டு பங்கு. உப்பு, காரம், எண்ணெய் வேண்டாம். கூட ஒரு கரண்டி வெந்த பரங்கிக்காய் மசியல் சேர்க்கலாம். ஒரே நேரத்தில் கொட்டாமல் நாளைக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். இதெல்லாம் இரண்டு மூன்று நாளைக்குத்தான். இதையே மாதக்கணக்கில் தொடர்ந்தால் கால்சியம் போதாது, பேதி நின்று எலும்பு கெடும்.

குட்டியாக இருந்தபோது பால் குடித்ததே, இப்போது மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?
(சேலம் வாசகர்)

வளர்ந்தபின் பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி பல நாய்களுக்குக் குறைந்துவிடும். பாலில் ஊறவைத்த பிஸ்கட்தான் உங்கள் வீட்டிலும் காலை டிபன் என்றால், முதலில் அதை நிறுத்திப் பாருங்கள். மருந்துச் செலவு மிச்சமாகலாம்.

கோழி அலர்ஜியாக இருக்கலாம் என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?
(சென்னை வாசகி)

பொறுமையாக. உணவு ஒவ்வாமையை ரத்தப் பரிசோதனையில் நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது. மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை ஆகியவைதான் அதிகம் மாட்டிக்கொள்ளும் குற்றவாளிகள். பேதியோடு ஓயாத சொறிச்சல், காதில் புண், பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பது என்றெல்லாம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். வழி ஒன்றுதான்: இதுவரை தின்றே இராத ஒரு புரதம், அல்லது உடலுக்கு அடையாளமே தெரியாதபடி புரதத்தைத் துண்டுதுண்டாக்கிய மருத்துவ உணவு. கால்நடை மருத்துவர் சொல்படி குறைந்தது 8 வாரம், அது மட்டுமே. பிஸ்கட் கிடையாது, கறிச்சுவை சேர்த்த மாத்திரையும் கிடையாது. குணம் தெரிந்ததும் பழைய கோழியைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மறுபடி தொல்லை வந்தால்தான் குற்றம் நிரூபணம். பெரும்பாலும் இந்தச் சோதனை கெடுவது நாயால் அல்ல, சாப்பாட்டு மேசைக்கு அடியில் ரகசியமாக நீளும் தாத்தாவின் கையால்.

எங்கள் வீட்டில் அசைவம் நுழையாது. தயிர் சாதத்திலேயே வளர்க்கலாமா?
(கும்பகோணம் வாசகர்)

பூனைக்கு இறைச்சி கட்டாயம், நாய்க்கு அப்படியில்லை. சைவத்தில் வளர்க்கலாம். ஆனால் சைவம் என்பது வேறு, தயிர் சாதம் மட்டும் என்பது வேறு. புரதமும் தாதுக்களும் கணக்குப் பார்த்துச் சேர்த்த உணவாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கை டாக்டர் போடட்டும். விரதம் உங்கள் விருப்பம், அதில் நாயின் கையெழுத்து இல்லை.

ஜெர்மன் ஷெப்பர்ட் மலையாகத் தின்கிறது, ஆனால் இளைத்துக்கொண்டே போகிறது. எந்த உணவு சதை போட உதவும்?
(ஓசூர் வாசகர்)

எந்த உணவும் உதவாமல் போகலாம். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, அளவுக்கு மீறிப் போகிறதா? கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காத நோயாக இருக்கக்கூடும். ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு அது அதிகம் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், நொதிப் பொடியைச் சாப்பாட்டில் கலந்தால் பல நாய்கள் தேறிவிடும். கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

எத்தனை நாள் வீட்டு வைத்தியம் பார்க்கலாம்?
(திருச்சி வாசகி)

தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் பேதியும் என்றால் ஒரு நாள்கூட இல்லை. பார்வோ வைரஸ் தொற்றாக இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வளர்ந்த நாய் என்றாலும் மலத்தில் ரத்தம், தார் போன்ற கறுப்பு, குடித்த தண்ணீரும் தங்காத வாந்தி, எழுந்திருக்காத சோர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலே கிளம்புங்கள். மலத்தில் கொஞ்சம் டப்பாவில் எடுத்துப் போங்கள், பூச்சியா, ஜியார்டியா என்ற நுண் ஒட்டுண்ணியா என்று பார்ப்பார்கள். உங்கள் மாத்திரைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் நாய்க்கு விஷமாகும்.

நாயின் செரிமானத்தை யாராவது உருப்படியாக ஆராய்ந்திருக்கிறார்களா?
(ஈரோடு வாசகர்)

1904-ல் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவுக்கு நோபல் பரிசு கொடுத்ததே அதற்குத்தான். நாம்தான் மணியோசைக்கு நாய் எச்சில் ஊறிய கதையை மட்டும் நினைவில் வைத்து, அவரை மணியடிக்கும் உத்தியோகத்தில் வைத்துவிட்டோம்.

கடைசியாக, தேர்ந்தெடுத்த உணவு சரியானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(புதுச்சேரி வாசகி)

விலைச்சீட்டில் தெரியாது, நாய் தட்டை நக்கும் வேகத்திலும் தெரியாது. காலை நடையில் குனிந்து மலத்தைப் பாருங்கள். எடுத்தால் உருக்குலையாமல் வர வேண்டும், தரையில் ஒட்டக் கூடாது. இதற்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போடும் அட்டவணையே டாக்டர்களிடம் உண்டு. 2 வாங்கினால் வகுப்பில் முதல் மாணவன். 7 வாங்கினால் ஃபெயில். பெற்றோரை அழைத்து வரச் சொல்வார்கள்.