லிசாவின் நல்லடக்கம்

1978இல் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு மகள் பிறந்தாள். பெயர் லிசா. குழந்தை தன்னுடையதில்லை என்று வழக்கு நடக்கும் அளவுக்கு மனிதர் அடம்பிடித்தார். அந்த நேரம் பார்த்து ஆப்பிளில் உருவான கணினிக்கும் லிசா என்றே பெயர் விழுந்தது. கேட்டவர்களை, 'லோக்கல் இன்டகிரேட்டட் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்சர்' என்று விரித்துச் சொல்லிச் சமாளித்தார்கள். பல வருஷம் கழித்து, மகள் பெயர்தான் என்று வாழ்க்கை வரலாறு எழுத வந்த ஐசக்சனிடம் ஜாப்ஸே ஒப்புக்கொண்டார்.

1983 ஜனவரியில் லிசா வெளிவந்தது. விலை 9,995 டாலர். மவுஸ் உண்டு, ஜன்னல்கள் உண்டு, குப்பைத்தொட்டிப் படம்கூட உண்டு, வேகம்தான் இல்லை. 'ட்விக்கி' என்ற வட்டு டிரைவ் நினைத்தபோது படிக்கும், நினைத்தபோது படுத்துக்கொள்ளும். லிசா குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜாப்ஸ் சும்மா இருப்பாரா? மெக்கின்டாஷ் குழுவைப் பிடித்துக்கொண்டு, மறுவருஷமே 2,495 டாலருக்கு அதைக் கடைக்கு அனுப்பினார். வெளியாள் யாரும் தேவைப்படவில்லை, பங்காளியே கதையை முடித்துவிட்டான்.

மிஞ்சிய லிசாக்களை யூட்டா மாநிலத்து சன் ரீமார்க்கெட்டிங் நிறுவனம் சீர்செய்து விற்றுக்கொண்டிருந்தது. 1989இல் ஆப்பிளுக்குத் திடீர் ஞானோதயம்: விற்பதைவிடப் புதைத்தால் வரியில் லாபம். சுமார் 2,700 லிசாக்கள் லோகன் ஊர்க் குப்பைமேட்டில் மண்ணுக்குள் போயின. திரையில் குப்பைத்தொட்டி வரைந்து காட்டிய கணினிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா?

இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் அலைவது அந்தப் பொல்லாத ட்விக்கிக்காகத்தான். 1984இல் ஆப்பிள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, புது டிரைவை இலவசமாகவே மாட்டித் தந்தது. சொன்னபடி மாற்றிக்கொண்ட சமர்த்துகளுக்கு நாமம். ஆப்பிளின் கடிதத்தைப் பிரிக்கவே சோம்பல்பட்ட வீடுகளில் இருந்ததுதான் இப்போது ஏலத்தில் பல்லாயிரம் டாலருக்குப் போகிறது.

வாங்கியதும் கொண்டாட முடியாது. உள்ளே கடிகாரத்துக்கு வைத்த பேட்டரி ஒழுகிச் செம்புத் தடங்களைத் தின்றிருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ், கொஞ்சம் வினிகர், நிறையப் பொறுமை வேண்டும். அப்படித் தேய்த்து உயிர்ப்பித்தாலும் அந்தக் கடிகாரம் 1995க்கு மேல் எண்ணாது. ஆகவே எல்லாரும் எண்பதுகளில் ஏதாவது ஒரு தேதியைப் போட்டுவிட்டுக் கடிதம் அடிக்கிறார்கள். அதை ட்விக்கி வட்டில் எடுத்து யாருக்குக் கொடுப்பது? விற்பனைக்கு வந்த வேறு எந்தக் கணினிக்கும் அதைப் படிக்கத் தெரியாது.