குப்பனும் பகாப்பிடுகும்: விளியியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஒரு பெயரின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் பொருளா, கூப்பிடுகிறவரின் தொண்டையா? பேரறிஞர்கள் கண்டுகொள்ளாமல் விட்ட இந்தக் கேள்விக்குச் செங்கல்பட்டு வட்டாரத்தில் கல்லிலேயே சான்று இருக்கிறது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் உள்ளது வல்லம். அங்குள்ள குடைவரை 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் எழுந்தது. பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்ருமல்லன், குணபரன் என்று மன்னனின் பட்டப்பெயர்களை அங்கே வெட்டி வைத்திருக்கிறார்கள். குடைவித்தவன் பெயரும் உண்டு: கந்தசேனன், மன்னனின் அடியான் ஒருவனுடைய மகன். இன்றைய நிலவரம் என்ன? திருப்போரூர் முருகன் புண்ணியத்தில் கந்தன், கந்தசாமி எல்லோரும் சௌக்கியம். பகாப்பிடுகுக்கோ ரேஷன் கார்டில் இடமில்லை. மகேந்திரனின் எள்ளுப்பேரன் ராஜசிம்மன் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் 200க்கும் மேற்பட்ட பட்டப்பெயர்களைப் பொறித்தான். அவற்றுக்கும் அதே கதிதான். (அத்தனையையும் கட்டியக்காரன் சொல்லி முடிப்பதற்குள் பகைவரான சாளுக்கியர் வந்து சேர்ந்திருப்பார்களே என்பது தனி ஆய்வுக்குரியது.)

இந்தப் பக்கம் பெயர் வைப்பது சாமியைக் கேட்டு. திருக்கழுக்குன்றத்தில் வேதகிரி, கோவளம் தர்கா பக்கம் தமீம் அன்சாரி. மாசிப் பௌர்ணமிக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் குடில் போட்டுக் கன்னியம்மனை வணங்குகிறார்கள். அவர்களிடம் கன்னியப்பனும் கன்னியம்மாவும் உண்டு. வைப்பது சாமிக்கு, கூப்பிடுவது காற்றுக்கு எதிரே. வேதகிரி ‘கிரி’ ஆவதும் அன்சாரி உதிர்ந்து ‘தமீமு’ மிஞ்சுவதும் அதனால்தான். கொக்கிலமேட்டுக் கரையில் நின்று ‘லளிதாங்குரா’ என்று இழுத்து முடிப்பதற்குள் படகு மூன்று அலை தாண்டியிருக்கும்.

ஆனால் விளியியலின் சிகரம் குப்பன்தான். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைப்பார்கள். தவிட்டுக்கு விற்று வாங்கிய சடங்கு நடந்தால் தவிட்டான், மடியேந்திப் பெற்றால் பிச்சை. சித்திரகுப்தன் பேரேட்டில் ‘குப்பை’ என்று பதிவாகியிருந்தால் எமன் ஏன் எருமையைப் பூட்டிக்கொண்டு வரப்போகிறான்? குப்பன் பேரன் பேத்தி எடுத்தான். சத்ருமல்லன் என்று பெயர் பூண்டவனின் தலைநகருக்குப் பக்கத்திலோ, அவன் மகன் காலத்திலேயே பகைவரைத் துரத்தப் போர் நடந்தது.

‘அந்த மகன் மாமல்லன் நிலைத்துவிட்டானே’ என்று ஒருவர் எழலாம். நிலைத்தது ஊர்ப்பெயரில்; அதிலும் பஸ் கண்டக்டர் கூவுவது இன்னும் மகாபலிபுரம்தான்.

பேறுகாலம் நெருங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண் கணிதம் பார்த்து, இணையத்தில் தேடி, நாக்கு சுளுக்கும் பெயரொன்றைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். பதிவு செய்யுமுன் சாயங்காலம் கோவளம் கரைக்குப் போய், காற்றுக்கு எதிரே நின்று ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். சுண்டல் விற்கும் பையன் திரும்பிப் பார்த்தால் அந்தப் பெயரையே வையுங்கள்.