சுதேசிக் கார்

இந்த முறை சுதேசிக் கார்தான் என்று சித்தப்பா சபதம் போட்டுவிட்டார். எது சுதேசி என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

ஹூண்டாய் பிறப்பது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில், முதலாளி சியோலில். மாருதி பெயரில் அனுமார் இருக்கிறார், பின்னொட்டில் சுசுகி. செங்கல்பட்டுப் பக்கம் பி.எம்.டபிள்யூ.வையே பாகம் சேர்த்துப் பூட்டுகிறார்கள். 2008இல் டாடா வாங்கியதால் ஜாகுவாரும் நம்மவர்தானே? (“பாஸ்புக்கைப் பாருங்க” என்றார் சித்தி.) தேசமே தன்னுடையது என்று கொண்டாடிய அம்பாசடரோ ஆங்கிலேய மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மறுபதிப்பு, அதுவும் 2014இல் நின்றுபோனது.

கடைசியில் எங்கள் தெருமுனை ஷோரூமில் இருந்ததையே வாங்கினார். இதைவிட உள்ளூர் எது? பெட்ரோலின் பூர்வீகத்தை மட்டும் அவரிடம் யாரும் கிளற வேண்டாம்.