வீசிய பூ எந்தப் பூ? ஸ்டாலோன் – அர்னால்டு பகை: ஒரு புறத்திணை ஆய்வு

சில்வெஸ்டர் ஸ்டாலோன் பிறந்தது 1946 ஜூலை 6. அர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் பிறந்தது 1947 ஜூலை 30. ஓராண்டும் 24 நாளும் வித்தியாசம். இவ்வளவு சிறிய மூப்பு இளமைக்காக இத்தனை தோட்டா உலக சினிமாவில் வேறெங்கும் செலவானதில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

பகையின் தோற்றுவாய் 1977 கோல்டன் குளோப் விழா. இருவருக்கும் ஒரே மேசை. அர்னால்டுக்குப் புதுமுக விருது கிடைத்துவிட்டது. 'ராக்கி'யை எழுதி நடித்த ஸ்டாலோனுக்கு நடிப்பு விருதும் போச்சு, எழுத்து விருதும் போச்சு. ஒவ்வொன்றும் கைநழுவும்போது எதிரே அர்னால்டு சிரித்தாராம். கடைசியில் சிறந்த படம் 'ராக்கி' என்றதும் மேசையிலிருந்த பூக்கிண்ணத்தைத் தூக்கி அவர்மேல் வீசியதாக ஸ்டாலோனே சொல்லியிருக்கிறார். ஆய்வாளனுக்கு இங்குதான் சிக்கல். நம் மறவன் பூச்சூடிப் போருக்குப் போவான்; வெட்சியா தும்பையா என்று பார்த்தே திணையைச் சொல்லிவிடலாம். இவரோ சூடவேண்டியதை வீசிவிட்டார். என்ன பூ என்று எவரும் குறித்துவைக்கவும் இல்லை.

நேருக்கு நேர் மோதும் தும்பைக்குச் சான்றுகள் ஏராளம். 1985 மே மாதம் வந்த இரண்டாம் 'ராம்போ'வில் ஸ்டாலோன் வெடிமுனை பூட்டிய அம்பால் எதிரியைச் சிதறடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் 'கமாண்டோ' வந்தது. அதில் அர்னால்டின் அறிமுகத்தைக் கவனிக்க வேண்டும். முகம் பிறகுதான், முதலில் புஜம், ரம்பம், தோளில் ஒரு பெரிய மரத்துண்டு. அப்பாவும் மகளும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அவ்வளவு விறகு எதற்கு என்று படம் சொல்லவில்லை. ஸ்டாலோனுக்குக் காட்டத்தான் என்பது என் துணிபு. புஜத்தின் அளவு, உடம்பின் கொழுப்பு, துப்பாக்கியின் பருமன், சாய்த்த தலைகள் என்று சகலத்திலும் போட்டி போட்டதை இருவரும் பின்னாளில் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் நடிப்பு மட்டும் இல்லை.

அடுத்தது வெட்சி. 'ஸ்டாப்! ஆர் மை மாம் வில் ஷூட்' கதை மட்டம் என்று அர்னால்டுக்குத் தெரியும். தெரிந்தே, ஆசைப்படுகிறவர்போல் பெரிய சம்பளம் கேட்டுச் சேதியைக் கசியவிட்டதாக அவரே பெருமையோடு சொல்வார். அவனுக்குப் போகவிடக் கூடாது என்ற வீம்பில் ஸ்டாலோன் பாய்ந்து பிடித்தார். 1992இல் படம் வந்தது. மோசமான நடிகருக்கான ராஸி விருதும் வந்தது. அடுத்தவன் ஆநிரையைக் கவர்ந்து வருவது வெட்சி. நோஞ்சான் மாட்டை அடுத்தவன் தொழுவத்தில் கட்டிவிட்டு வருவதற்குத் தொல்காப்பியர் துறை வகுக்கவில்லை.

பிறகு நண்பர்களானார்கள். பிளானட் ஹாலிவுட் உணவகத்தில் இருவரும் பங்குதாரர்களாக இருந்தார்கள். ஆனால் ஆம்பிளைக்கு ஆம்பிளை பிரியத்தைச் சொல்ல இவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி குத்துவதுதான். 2013இல் 'எஸ்கேப் பிளான்' படத்தில், அறுபத்தைந்தைத் தாண்டிய இருவரும் சிறைக்குள் ஒருவரையொருவர் குத்திக்கொண்டார்கள். 2009இல் ஸ்டாலோன் 'கம்பக்த் இஷ்க்' இந்திப் படத்தில் தலைகாட்டினார். 2014இல் அர்னால்டு 'ஐ' இசை வெளியீட்டுக்குச் சென்னை வந்தார். இதையும் பகைக் கணக்கில் சேர்க்க எனக்கு ஆசைதான், ஆதாரம் போதவில்லை.

எஞ்சியது நிலையாமை பேசும் காஞ்சி. அர்னால்டுக்கு இதய வால்வு மாற்றி, 2024இல் பேஸ்மேக்கரும் பொருத்தியாயிற்று. ஸ்டாலோனுக்கு 'எக்ஸ்பெண்டபிள்ஸ்' சண்டைக் காட்சியில் கழுத்தெலும்பு விரிசல் கண்டது. அதே ஸ்டாலோன் 'க்ரீட்' படத்தில் புற்றுநோய் வந்த கிழட்டு ராக்கியாக, புஜத்தை மூடிக்கொண்டு, தளர்ந்து நடந்தார். 2016இல் துணை நடிகருக்கான கோல்டன் குளோப் தேடி வந்தது, ஆஸ்கர் பரிந்துரையும் கூடவே.

ஆக, நடிப்புக்கான ஆஸ்கர் பரிந்துரையில் இன்றைய நிலவரம்: ஸ்டாலோன் 2, அர்னால்டு 0. புஜத்தை அளந்தவர்கள் யாரும் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.