சந்தா ரசீதும் சர்க்கரைக் கரைசலும்

இந்திய மாணவ செவிலியர் சங்கம் 1929இல் தொடங்கப்பட்டது. அதன் தாய்ச் சங்கமான இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்துக்கு வயது இன்னும் கூடுதல்; அது தொடங்கியது 1908இல். தலைமையும் தன்னம்பிக்கையும் வளர்ப்பது மாணவ சங்கத்தின் நோக்கம் என்கிறது பாடநூல். நடைமுறையில் வளர்வது கோலம், சுவரொட்டி, பேச்சுப்போட்டிச் சான்றிதழ், கூடவே ஒரு பதிவேடு. நடந்த கூட்டத்தை விட எழுதிய கூட்டம் அதில் அழகாக இருக்கும்.

சேரலாமா என்று மாணவி யோசிப்பதற்குள் பல கல்லூரிகளில் சந்தா ரசீது வந்துவிடுகிறது. வடலூர் சத்திய ஞான சபையில் ஏழு திரை விலகினால் ஜோதி தெரியும். சந்தாவின் பயனுக்கு எத்தனை திரை என்று விதிமுறையில் இல்லை.

ஆனால் அதே வடலூரில் தைப்பூசக் கூட்டத்தில், சங்கத்தின் பெயரால் நாலு மாணவிகள் பஞ்சும் கட்டுத்துணியுமாக நின்றால் கதை வேறு. வெயிலில் சோர்ந்த பாட்டிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கும் கை, முதல் தடவை நடுங்கும், பத்தாம் தடவை நடுங்காது. எந்தப் பேச்சுப்போட்டியும் இதைக் கற்றுத்தராது. மாநாட்டுக்குப் போனால் வேறு கல்லூரிப் பிள்ளைகள் எவ்வளவு உதவித்தொகை வாங்குகிறார்கள் என்பதும் தெரியும். அந்தத் தகவலுக்கே சந்தா தகும்.

ஆகவே சேரலாம். பதிவேடு எழுதும் செயலாளர் பதவியை மட்டும் அடுத்த பெஞ்சுக்குத் தள்ளிவிடவும்.