டியூபுக்கு ஓர் இறுதிச் சடங்கு

பழைய ஐரோப்பிய ஓவியங்களில் தேவதைகளின் கன்னம் பால்போல இருக்கும். அந்த வெள்ளை விளைந்தது குதிரை லத்தியில். நக்கலுக்குச் சொல்லவில்லை. டச்சுக்காரர்கள் காடி ஊற்றிய மண்சட்டிகளில் ஈயச் சுருளை வைத்து, சுற்றிலும் லத்தியைக் குவித்து, கொட்டகையைச் சாத்திவிட்டு மூன்று மாதம் போல காத்திருப்பார்கள். லத்தியின் சூட்டில் ஈயத்தின் மேல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். சுரண்டி, அரைத்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் தேவதையின் கன்னம் தயார். அரைத்தவனுக்குக் கூலியோடு வயிற்றைப் பிடுங்கும் வலியும், தொங்கிப்போன மணிக்கட்டும் இலவசம்.

பச்சைக்கும் ஒரு கதை உண்டு. 1775இல் ஸ்வீடன் மருந்துக்கடைக்காரர் கார்ல் ஷீலே, தாமிரத்தோடு ஆர்செனிக்கைச் சேர்த்து ஒரு பச்சை செய்தார். எதைக் காய்ச்சினாலும் நாக்கில் வைத்துப் பார்க்கிற மனுஷர். 43 வயதில் போய்ச் சேர்ந்தார். பச்சை மட்டும் சுவர்த்தாள், செயற்கைப் பூ என்று வீடு வீடாகக் குடியேறியது. நாமும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். வேஷம் கட்டுகிறவர்கள் பூசுவதாகச் சொல்கிறோமே அரிதாரம், அந்தச் சொல்லே ஆர்செனிக் கலந்த மஞ்சள் கல்லின் பெயர்தான்.

எல்லாவற்றுக்கும் மேல் 'மம்மி பிரவுன்'. எகிப்தியப் பிணத்தை அரைத்த பழுப்பு. பெயரிலேயே விஷயம் இருந்தும், ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்திருந்தார் இங்கிலாந்து ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த சக ஓவியர் அல்மா-டாடெமா உண்மையைப் போட்டு உடைத்தார். பர்ன்-ஜோன்ஸ் விறுவிறுவென்று போய்த் தன்னிடமிருந்த டியூபை எடுத்துவந்தார். புல்தரையில் குழி தோண்டி, பிள்ளைகள் சூழ, அடக்கம் நடந்தது. மேலே ஒரு டெய்சிச் செடியும் நட்டார்கள். எந்த அரசரோ, எந்தக் குமாஸ்தாவோ! பிதுக்கியது போக மிச்சத்துக்காவது மண் கிடைத்தது.

1921இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளை அடிக்கத் தடை போட்டது. கூடவே, கலை ஓவியத்துக்கு இது பொருந்தாது என்று ஒரு விலக்கு! கலைஞன் விருப்பப்படி சாகலாம் என்று அர்த்தம் போல.

இன்றைக்கு டைட்டானியம் வெள்ளை இருக்கிறது, ஈயத்தைத் தொட வேண்டியதில்லை. தூரிகை கழுவ டர்பன்டைனும் வேண்டாம்; துணியில் துடைத்து, கொஞ்சம் எண்ணெயில் அலசி, சோப்புப் போட்டால் போதும். அதன் வாடையைக் கலையின் வாசனையாக நினைத்து இழுக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.